நினைவகம் கிடைக்காதபோது கர்னல் வாய் திறக்க வேண்டும்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கர்னலின் நினைவக மேலாண்மைப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கும், அதை நம்பி டிரைவர்களும் கோப்பு முறைமைகளும் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவன். இயக்க முறைமையின் மையமான கர்னலை எழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் ஏதாவது உடைந்தால் மூலநிரலைத் திறந்து படிப்பேன், சின்னச் சின்னத் திருத்தம் செய்து பார்ப்பேன். உங்கள் உழைப்பின் மேல்தான் என் வேலையே நிற்கிறது என்பதால் இந்த மடலை நன்றியோடுதான் தொடங்குகிறேன்.

கர்னலுக்குள் ஒரு நினைவக ஒதுக்கீடு தோல்வியடைந்தால், அதாவது கேட்ட இடம் கிடைக்காவிட்டால், நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாகில் ஓர் எச்சரிக்கை விழும். எந்தச் செயல்முறை கேட்டது, எத்தனை பக்கம் (நினைவகத்தின் அலகு, வழக்கமாக 4 கேபி) கேட்டது, எந்த ஃபிளாக்குகளோடு (கோரிக்கையோடு சேர்க்கும் நிபந்தனைக் குறிகள்) கேட்டது, எந்த அழைப்புகள் வழியே அங்கே வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ், அப்போதைய நினைவக நிலவரம் என்று பல பத்து வரிகள் நீளும். இது தேவையில்லாத கூச்சல் என்று நினைப்பவர்கள் உங்களிலேயே உண்டு. அழைத்தவருக்குத்தான் (நினைவகம் கேட்ட நிரலுக்கு) இடம் இல்லை என்று சொல்லும் வெற்றுச் சுட்டி திரும்புகிறதே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா, இடம் பிரித்துத் தரும் ஒதுக்கி எதற்கு நடுவில் பேச வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எச்சரிக்கையை அடக்கியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே குறைந்தபட்சம் ஓர் எண்ணிக்கையாவது எங்காவது கூட வேண்டும். தடயமே இல்லாமல் ஓர் ஒதுக்கீடு தோற்கக் கூடாது. உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் இதில் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் 64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு சர்வர் இருந்தது. வாரத்துக்கு ஓரிரு முறை, நள்ளிரவில் பேக்கப் ஓடும் நேரத்தில், அதிலிருந்த நெட்வொர்க் கார்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். ரீசெட் ஆவதில் பெரிய தொல்லை இல்லை, சில நொடிகளில் திரும்ப எழுந்துவிடும். ஆனால் சில இரவுகளில் எழாது. லாகில் ஒரே ஒரு வரி கிடக்கும்: கருவியைத் தொடங்க முடியவில்லை, பிழை -12. அந்த 12 என்பது ஈநோமெம், அதாவது நினைவகம் இல்லை. நானோ, கிடைக்கக்கூடிய நினைவகம் 20 ஜிபிக்கு மேல் இருக்கிறது என்று காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்று வாரம் போனது. ஃபர்ம்வேரைச் சந்தேகித்தோம். கார்டை மாற்றினோம். எங்கோ நினைவகக் கசிவு இருக்கும் என்று தேடினோம். கூடுதலாக நினைவகம் போட்டுப் பார்த்தோம். அதன்பின் கோளாறு சில நாள் தள்ளி வந்தது, அவ்வளவுதான். கடைசியில் வேறு வழியில்லாமல் டிரைவரின் மூலநிரலை வரி வரியாகப் படித்தேன். ரீசெட் பாதையில் ஒரு கணக்குப் பட்டியலுக்காக 128 கேபி இடத்தை ஒரே துண்டாகக் கேட்டிருந்தார்கள். அந்த அழைப்பில் இரண்டு ஃபிளாக்குகள் இருந்தன. ஒன்று நோரீட்ரை: கிடைக்காவிட்டால் அதிகம் முயலாதே. மற்றொன்று நோவார்ன்: கிடைக்கவில்லை என்று யாரிடமும் சொல்லாதே. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. தோற்றால் செய்ய மாற்று ஏற்பாடும் இல்லை. பிழை எண்ணை மேலே அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதோடு சரி.

நோவார்னை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்து காத்திருந்தேன். நான்காவது இரவு எச்சரிக்கை வந்தது. ஆர்டர் 5, அதாவது இரண்டின் ஐந்தாம் அடுக்காக, அடுத்தடுத்து 32 பக்கங்கள் வேண்டும். கேட்டது ரீசெட் வேலை. கீழே நினைவக மண்டலத்தின் பட்டியலில் 4 கேபி, 8 கேபி, 16 கேபித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 128 கேபியிலிருந்து மேலே எல்லாம் சுழியம். பேக்கப் லட்சக்கணக்கான கோப்புகளைத் தொட்டு, கோப்புகளின் விவரங்களையும் பெயர்களையும் வைத்திருக்கும் ஐநோட், டென்ட்ரி கேஷ்களை நினைவகமெங்கும் தூவிவிட்டிருந்தது. இடம் இருந்தது, ஆனால் சில்லறையாக இருந்தது. அரை நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பட்டியலுக்கு இயற்பியல் நினைவகத்தில் தொடர்ச்சி தேவையே இல்லை என்பதால், சிதறிய பக்கங்களைச் சேர்த்தும் தரக்கூடிய கேவிமேலாக் என்ற செயற்கூறுக்கு மாற்றினேன். சின்னத் திருத்தம்தான். அந்தக் கோளாறு பிறகு வரவே இல்லை.

மூன்று வாரத்துக்கும் அரை நிமிடத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ஃபிளாக். அதனால்தான் “அழைத்தவர் பார்த்துக்கொள்வார்” என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே ஒப்புக்கொள்ள வருவதில்லை. அழைத்தவர் தன் பங்குக்குப் பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகிறார். அதை வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்புகிறார். ஏழெட்டுப் படி தாண்டி அது பயனர் நிரலுக்கு வரும்போது மிஞ்சியிருப்பது 12 என்ற எண் மட்டும். எந்த இடம், எவ்வளவு கேட்டது, ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அந்த விவரம் முழுதாக இருப்பது ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு கணத்தில்: ஒதுக்கி கையை விரிக்கும் அந்தக் கணத்தில். அப்போது எழுதாவிட்டால் பிறகு யாராலும் எழுத முடியாது.

ஈநோமெம் எல்லா நேரத்திலும் உண்மையும் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பிஐடி நேம்ஸ்பேஸின் (செயல்முறைகளுக்குத் தனி எண் வரிசை தரும் அடைப்பு) முதல் செயல்முறை இறந்துவிட்ட பின், அதற்குள் ஃபோர்க் செய்ய, அதாவது புதிய செயல்முறையை உண்டாக்க, முயன்றால் திரும்புவது இதே ஈநோமெம்தான். நினைவகத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஃபோர்க் கையேட்டுப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆனால் நள்ளிரவில் “நினைவகம் ஒதுக்க முடியவில்லை” என்ற வரியைப் பார்ப்பவர் முதலில் நினைவகத்தைத்தான் தேடுவார். அங்கே எனக்கு உதவுவது எது தெரியுமா? லாகில் ஒதுக்கீட்டு எச்சரிக்கை இல்லை என்ற செய்தி. ஒதுக்கீடு தோற்றிருந்தால் கர்னல் சொல்லியிருக்கும், சொல்லவில்லை, ஆகவே வேறு எங்கோ பார்க்க வேண்டும் என்று நான் நகர முடிகிறது. சொல்ல வேண்டிய நேரத்தில் கர்னல் சொல்லும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அது சொல்லாமல் இருப்பதையும் நான் சான்றாக எடுத்துக்கொள்ள முடியும். காரணமில்லாமல் சேர்க்கப்படும் ஒவ்வொரு நோவார்னும் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அரிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. கர்னலின் நிரல்நடை ஆவணத்தில் டிரைவர் எழுதுவோருக்கு ஓர் அறிவுரை உண்டு. ஒதுக்கீட்டுச் செயற்கூறுகள் தோற்றால், நோவார்ன் இல்லாத வரை, தாமே ஸ்டாக்கை லாகில் கொட்டிவிடும். எனவே வெற்றுச் சுட்டி திரும்பும்போது நீங்கள் தனியாக ஒரு செய்தி அச்சிடுவதில் பயனில்லை என்கிறது அது. பேட்ச் எனப்படும் நிரல் திருத்தங்களைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவியும் அப்படிப்பட்ட செய்தியைக் கண்டால் தேவையற்றது என்று குறை சொல்லும். இந்த அறிவுரையை நம்பித்தான் ஆண்டுக்கணக்காக டிரைவர்களிலிருந்து “நினைவகம் போதவில்லை” என்ற வரிகள் நீக்கப்பட்டன. அது நல்ல மாற்றம்தான், நான் வரவேற்கிறேன். ஒரே செய்தியை ஆளாளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது ஓர் ஒப்பந்தம். நீங்கள் சொல்ல வேண்டாம், நாங்கள் சொல்கிறோம் என்று மையத்தில் இருப்பவர்கள் வாக்குக் கொடுத்து, அதன் பேரில் ஓரத்தில் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போது மையமும் மூடிக்கொண்டால் சொல்வதற்கு ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

சரி, சிறிய ஒதுக்கீடுகள்தான் தோற்பதே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மை. ஜிஎஃப்பி கர்னல் என்ற, காத்திருக்கச் சம்மதிக்கும் வழக்கமான வகையில் ஆர்டர் 3 வரை, 4 கேபிப் பக்கம் என்றால் 32 கேபி வரை, கேட்டால் ஒதுக்கி விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். வேண்டுமானால் ஓஓஎம் கில்லரை எழுப்பி ஒரு செயல்முறையைக் கொன்றாவது இடம் தேடித் தரும். வெற்றுச் சுட்டி திரும்புவது மிக அரிது. 2014 இறுதியில் ஒரு கோப்பு முறைமை முடக்கத்தை ஆராயும்போது இது வெளிச்சத்துக்கு வந்து, கர்னல் எழுதுகிற பலருக்கே வியப்பாக இருந்தது. ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. தோற்பது அரிது என்பதால், தோற்றால் ஓட வேண்டிய நிரல் கிட்டத்தட்ட ஓடியதே இல்லை. பூட்டைத் திறக்காமல் திரும்புவது, பாதி கட்டிய அமைப்பை விடுவிக்க மறப்பது, ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிப்பது என்று அந்தப் பாதைகளில் என்னென்ன கிடக்கும் என்பது ஒதுக்கீட்டுத் தோல்வியைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கும் ஃபெயில்ஸ்லாப் போன்ற வசதிகளை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரிதாக ஓடும், சோதிக்கப்படாத ஒரு பாதைக்குள் கர்னல் கால் வைக்கிறது என்றால், வைத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு வைக்கட்டும். பத்து நிமிடம் கழித்து வேறெங்கோ அது விழுந்தால், விழுந்த கதை எங்கே தொடங்கியது என்று பார்க்க அந்த ஒரு வரிதான் இருக்கும்.

ரஸ்ட் என்ற நிரல்மொழி கர்னலுக்குள் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். 2021-இல் ரஸ்ட் ஆதரவுக்கான முதல் பேட்ச்கள் வந்தபோது, ஒதுக்கீடு தோற்றால் பேனிக் ஆவது, அதாவது அப்படியே நின்றுவிடுவது, கர்னலில் ஏற்கவே முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எதிர்த்தார். 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு ரஸ்ட் உள்ளே வந்தது. இன்று கர்னல் ரஸ்ட் நிரலில் ஒதுக்கீடு என்றால் வெற்றி அல்லது பிழை என்ற விடை திரும்பும், அதைக் கவனிக்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பிழையைக் கையாள்வது வேறு, பிழை எங்கே பிறந்தது என்று தெரிவது வேறு. ரஸ்டில் ஒரு கேள்விக்குறியைப் போட்டால் போதும், பிழை மேலே போய்விடும். அனுப்புவது எளிதாக எளிதாக, பிறந்த இடம் மறைவதும் எளிதாகிறது. அங்கேயும் ஒதுக்கியின் வாய்தான் எனக்குத் தேவை.

இனி எதிர்த் தரப்புக்கு வருகிறேன். எச்சரிக்கை கூடாத இடங்கள் இருக்கின்றன, அவற்றை மறுப்பது நேர்மையாகாது.

கர்னலின் சிறு பொருள்களுக்கு இடம் தரும் ஸ்லப் ஒதுக்கி முதலில் கொஞ்சம் பெரிய துண்டாகக் கேட்டுப் பார்க்கும். கிடைத்தால் வேகம் கூடும். கிடைக்காவிட்டால் சிறிய துண்டோடு சமாளித்துக்கொள்ளும். முதல் முயற்சியில் நோவார்ன் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. நெட்வொர்க் பகுதியும் அப்படித்தான், 32 கேபித் துண்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு ஒற்றைப் பக்கத்துக்கு இறங்கும். கேவிமேலாக் முதலில் தொடர்ச்சியான இடத்தைத் தேடி, இல்லையென்றால் சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் விஎம்ஏலாக்குக்குப் போகும். இவை எல்லாவற்றிலும் முதல் தோல்வி தோல்வியே கிடையாது. கடையில் பெரிய நோட்டுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது மாதிரிதான், இல்லையென்றால் வேறு வழி கையிலேயே இருக்கிறது. இங்கே எச்சரித்தால் லாக் நிரம்பி, உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் படிக்க மாட்டார்கள். நோவார்ன் இதற்காகப் பிறந்த ஃபிளாக், இங்கே அது சரியாகவே இருக்கிறது.

நான் மிகவும் மதிப்பது பெரும்பக்க ஏற்பாட்டை. பயனர் நிரலுக்கு 2 எம்பி பெரும்பக்கம் கொடுக்க முயன்று முடியாமல் சிறு பக்கங்களுக்கு இறங்கும்போது கர்னல் லாகில் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நினைவகப் புள்ளிவிவரங்கள் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பில் அதற்கென்று ஓர் எண் இருக்கிறது, இறங்கிய ஒவ்வொரு முறையும் அது கூடும். நான் பார்க்க விரும்பினால் பார்க்கலாம். நேற்றும் இன்றும் ஒப்பிடலாம், வரைபடமாக்கலாம், அளவு மீறினால் மணி அடிக்க வைக்கலாம். பார்க்க விரும்பாதவரை அது தொந்தரவு செய்வதில்லை. நான் கேட்பது இந்த மரியாதையைத்தான், எல்லா நோவார்ன் அழைப்புகளுக்கும்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயக்க முறைமை இதை வெகுகாலமாகச் செய்கிறது. அங்கே காத்திருக்கச் சம்மதிக்கும் ஒதுக்கீடு வெற்றுச் சுட்டி தருவதில்லை, காத்திருக்க முடியாதது தரலாம். அங்கே விஎம்ஸ்டாட் கட்டளையை அதற்கான விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு ஒதுக்கீட்டு மண்டலத்துக்கும் எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை தோற்றது என்று தனித்தனிப் பத்தியில் வரும். விண்டோஸிலும் பேஜ் செய்ய முடியாத பூல் (வட்டுக்கு நகர்த்த முடியாத கர்னல் நினைவகம்) காலியானால் 2019 என்ற எண்ணோடு நிகழ்வுப் பதிவில் ஒரு செய்தி விழும், பழைய நிர்வாகிகளுக்கு அந்த எண் மனப்பாடம்.

பயனர் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொண்டு ஒதுக்கும் இடங்கள் தனிச் சிக்கல். இங்கே இரண்டு எச்சரிக்கைகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒதுக்கீடு தோற்றது என்ற செய்தி சாதாரண லாக் செய்திதான், ஸ்டாக் ட்ரேஸ் இருப்பதால் பயங்கரமாகத் தெரிகிறது. அது கர்னலைக் களங்கப்பட்டது என்று குறிக்காது, பேனிக் ஆன் வார்ன் என்ற அமைப்பையும் தூண்டாது. ஆனால் ஒதுக்கியால் எப்போதுமே தர முடியாத அளவை ஒருவர் கேட்டால், வழக்கமான அமைப்பில் 4 எம்பிக்கு மேல் ஒரே துண்டாகக் கேட்டால், வருவது அசல் வார்ன். அது நிரல் பிழை என்ற முத்திரை. பேனிக் ஆன் வார்ன் போட்டிருப்பவரின் கணினி அங்கேயே நின்றுவிடும். ஒரு சாதாரணப் பயனர், கர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் காலில் பெரிய எண் ஒன்றைத் தந்து கணினியை நிறுத்த முடியுமென்றால் அது பாதுகாப்புக் குறை. சிஸ்பாட் போன்ற தானியங்கிச் சோதனைகள் இவற்றைத் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கின்றன.

அப்போது என்ன செய்கிறார்கள்? சிலர் அளவுக்கு வரம்பு வைக்கிறார்கள். சிலர் நோவார்னைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். 2021-இல் கேவிமேலாக்கில் 2 ஜிபியைத் தாண்டிக் கேட்டால் வார்ன் வரும்படி ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே நோவார்ன் இருந்தால் அந்த வார்னும் வேண்டாம் என்று தளர்த்தினார்கள். தளர்த்தியதற்குக் காரணம் இருந்தது என்று எனக்குத் தெரியும். பெரிய அளவைக் கேட்பது நியாயமான, தோற்றால் பிழை எண் திருப்பிவிட்டுப் போகக்கூடிய இடங்கள் இருக்கின்றன. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான இடங்களில் வரம்புதான் மருந்து. பயனர் தரும் அளவு நியாயமாக எவ்வளவு இருக்கலாம் என்று அந்தப் பகுதியை எழுதியவருக்குத் தெரியும். அதைச் சோதித்து, மீறினால் தவறான மதிப்பு என்று திருப்பி அனுப்புங்கள். பயனருக்கும் அதுதான் உதவும். 3 ஜிபி கேட்டவரிடம் “நினைவகம் இல்லை” என்று சொன்னால் அவர் நினைவகம் வாங்கப் போவார், “இவ்வளவு கேட்கக் கூடாது” என்று சொன்னால் தன் நிரலைத் திருத்துவார்.

லாகை மெதுவான கம்பி வழியே அனுப்பும் சீரியல் கன்சோல் இருந்தால், நீண்ட எச்சரிக்கை கணினியையே நிறுத்தி வைக்கிறது என்ற முறையீடும் உண்மையானது. 115200 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துகள்தான் போகும். ஓர் எச்சரிக்கை 5,000 எழுத்து என்றால் அதை எழுதவே ஏறத்தாழ அரை நொடி. இன்டரப்ட்கள் (கருவிகள் எழுப்பும் அவசர அழைப்புகள்) அடைபட்ட நிலையில், நெருக்கடியில் இருக்கும் கணினியை அரை நொடி நிறுத்தி வைப்பது கொடுமை. ஏற்கெனவே 10 நொடிக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. கட்டுப்பாட்டில் விழுங்கப்பட்ட எச்சரிக்கைகள் வேறு வேறு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். முதலில் வந்த ஒரு சத்தக்கார டிரைவர் தன் முறையை எடுத்துக்கொண்டால், அதே 10 நொடிக்குள் தோற்ற கோப்பு முறைமையின் ஒதுக்கீடு எனக்குத் தெரியாமலே போய்விடும். முழு நினைவக நிலவரத்தை எப்போதாவது ஒருமுறை எழுதினால் போதும். அழைத்த இடம், ஆர்டர், ஃபிளாக் மூன்றும் கொண்ட ஒற்றை வரியை ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகக் கட்டுப்படுத்தி எழுதலாம். நீளத்தைக் குறைப்பதற்கு நான் முழு ஆதரவு. எண்ணிக்கையைத் தொலைப்பதற்குத்தான் இல்லை.

எச்சரிக்கைகள் பயனர்களை வீணாகப் பயமுறுத்துகின்றன, பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் ஒரு பழைய நிகழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். 2009 செப்டம்பரில் கர்னலின் 2.6.31 பதிப்பு வெளியான பிறகு, காத்திருக்க முடியாத உயர் ஆர்டர் ஒதுக்கீடுகள் தோற்பதாக முறையீடுகள் வந்தன. வயர்லெஸ் டிரைவர் பயன்படுத்துவோரிடமிருந்து குறிப்பாக வந்தன. பலருடைய கணினி தொடர்ந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது, டிரைவர் பிறகு முயன்று சமாளித்துக்கொண்டது. மேலோட்டமாகப் பார்த்தால் அந்த எச்சரிக்கைகள் வெறும் இரைச்சல். ஆனால் முந்தைய பதிப்பைவிட இவை கூடியிருக்கின்றன என்று சிலர் கவனித்துப் பின்தொடர்ந்ததால், நினைவக மீட்புப் பகுதியில் பின்னடைவு இருப்பது தெரியவந்து அதற்குத் தொடர் பேட்ச்கள் எழுதப்பட்டன. டிரைவரில் தேவையான இடத்தில் நோவார்னும் வந்தது, அதுவும் சரிதான். ஆனால் எல்லா டிரைவர்களும் முதல் நாளிலிருந்தே அமைதியாக இருந்திருந்தால் அந்தப் பின்னடைவை யார் கண்டுபிடித்திருப்பார்கள்? என் கணினி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்ற முறையீட்டை வைத்துக்கொண்டு எவரும் நினைவக மீட்பு நிரலைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

ஆக, நான் கேட்பவை இவை. இயல்பு நிலை எச்சரிப்பதாகவே இருக்கட்டும். நோவார்ன் சேர்க்கும் ஒவ்வொரு பேட்சிலும், தோற்றால் மாற்று என்ன என்று நிரலில் ஒரு வரிக் குறிப்பு கேளுங்கள். மாற்று இல்லை, பிழை எண்ணைத் திருப்புவதுதான் ஒரே வழி என்றால் அது எச்சரிக்க வேண்டிய இடம். பழையவற்றை ஒரே நாளில் துடைக்கச் சொல்லவில்லை, தொடும்போது பாருங்கள்.

அப்புறம், எண்ணிக்கை. 2024-இல் 6.10 பதிப்பில் நினைவக ஒதுக்கீட்டு விவரக்கணக்கு என்ற வசதியைச் சேர்த்தீர்கள். ப்ராக் கோப்பகத்தில் ஏலாக்இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால், கர்னலில் எந்தக் கோப்பின் எந்த வரி எவ்வளவு நினைவகம் பிடித்து வைத்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டுகிறது. அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என் மூன்று வாரத் தேடலின்போது ஏங்கியது இப்படி ஒன்றுக்குத்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது, எண்ணிக்கை வைக்க இடமும் இருக்கிறது. அதில் இன்னொரு பத்தி சேர்த்துவிடுங்கள்: இந்த வரியில் இதுவரை எத்தனை ஒதுக்கீடு தோற்றது. நோவார்ன் இருந்தாலும் அது கூட வேண்டும். தோல்விப் பாதையில் மட்டும் ஓடுகிற நிரல் என்பதால் வெற்றிகரமான ஒதுக்கீடுகளின் வேகத்தை அது தொடாது. கூடுதல் இடம் எவ்வளவு பிடிக்கும், ஒவ்வொரு பிராசசருக்கும் தனி எண்ணா, எல்லாவற்றுக்கும் ஒன்றா என்பதையெல்லாம் நீங்கள்தான் என்னைவிட நன்றாக முடிவு செய்ய முடியும். தோல்விகள் அரிது என்பதால் ஒற்றை எண்ணே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வசதியைக் கம்பைல் செய்யாத கர்னல்களுக்கு விஎம்ஸ்டாட்டில் குறைந்தது இரண்டு எண்கள் போதும்: எச்சரித்த தோல்விகள், அடக்கப்பட்ட தோல்விகள். அடக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில் ஏறுவது இயல்பு, ஸ்லப்பும் நெட்வொர்க்கும் ஏற்றும். ஆனால் நேற்று வரை மெதுவாக ஏறிய எண் இன்று திடீரென்று தாவினால், பேக்கப் நேரத்தில் மட்டும் தாவினால், என்னைப் போன்றவர்களுக்கு அது போதும். எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஏலாக்இன்ஃபோவில் அந்தத் தோல்விப் பத்தியைச் சேர்க்கும் பேட்சின் முதல் வடிவத்தை நானே எழுத ஆரம்பித்திருக்கிறேன். என் சோதனைக் கணினிகளில் ஃபெயில்ஸ்லாப் மூலம் தோல்விகளை உண்டாக்கி எண் சரியாகக் கூடுகிறதா என்று பார்த்து வருகிறேன். நிரல் செம்மையாக இருக்காது. எங்கே தவறு என்று சொல்லுங்கள், திருத்தி மறுபடி அனுப்புகிறேன். எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் சரி.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கர்னலை நம்பி இரவுப் பணி பார்க்கும் ஒரு சர்வர் நிர்வாகி